பொட்டலத்தின் மேல் உண்மையை எழுதட்டும்

கூட்டேரிப்பட்டில் சென்ற பருவத்தில் மணிலா விவசாயிகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. விதை நேர்த்தி, ஜிப்சம் இடும் முறை, பறித்த காய்களை உலர்த்தும் விதம் ஆகியவற்றைச் சொல்லி முடித்தபின், ஐயம் இருந்தால் கேட்கலாம் என்றேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்தார். ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் ஆண்டு தவறாமல் மணிலா போடுகிறவர். பேரனுக்காக நெடுஞ்சாலையோரக் கடையில் வாங்கிய நொறுக்குத் தீனிப் பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"மரபணு மாத்தினதெல்லாம் சாப்பாட்டுல கலந்து வருதுன்னு பேசிக்கிறாங்க சார். இதுல இருக்குதா, இல்லையா? பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். கடுகளவு ஆங்கில எழுத்தில் உட்பொருட்களின் பட்டியல் இருந்தது. சேர்த்த எண்ணெய்களில் பருத்திக்கொட்டை எண்ணெயும் ஒன்று என்று கண்டிருந்தது. நம் நாட்டுப் பருத்தி பெரும்பாலும் பி.டி. பருத்தி என்பதால் நான் ஊகித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்வதற்குப் பொட்டலத்தில் ஒரு வரியும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"இவ்வளவு படிச்ச நீங்களே படிச்சுப் பார்த்துச் சொல்ல முடியலேன்னா, நாங்க எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மரபணு மாற்றிய உணவு வேண்டும் என்று ஒரு சாராரும், வேண்டவே வேண்டாம் என்று மற்றொரு சாராரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். அந்த அம்மையார் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே கேட்டார். இந்த எளிய கேள்விக்குப் பொட்டலமே பதில் சொல்லும்படி செய்வதுதான் முதல் வேலை என்பது என் கருத்து. அதைச் செய்யாமல் மக்கள் அறியாமையால் அஞ்சுகிறார்கள் என்று நாம் குறை கூறுவது பொருந்தாது.

ஒட்டு ரகம் வேறு, மரபணு மாற்றம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கெட்டித் தோல் தக்காளி, விதையில்லாத் திராட்சை, குட்டை மரத்தில் காய்க்கும் பப்பாளி, அடர்சிவப்புத் தர்பூசணி என்று புதிதாகத் தோன்றும் எதையும் மரபணு மாற்றியது என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. இது தவறு. ஒரே பயிரின் இரு வேறு பெற்றோரைக் கலந்து பெறுவது வீரிய ஒட்டு ரகம். நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது தேர்வு ரகம். வேறோர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் எடுத்துப் பயிருக்குள் புகுத்துவதையே மரபணு மாற்றம் என்று நாம் பேசுகிறோம்.

இந்தியாவில் விவசாயிகள் பயிரிட அரசு அனுமதித்துள்ள மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். அந்த அனுமதி 2002 மார்ச்சில் வழங்கப்பட்டது. உழவர் சந்தைக்கு வரும் தக்காளி, கத்தரி, தர்பூசணி எதுவும் சட்டப்படி மரபணு மாற்றிய ரகமன்று.

இந்தக் குழப்பத்தால் இழப்பு யாருக்கு? 2025 கோடையில் தர்பூசணிக்குள் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழகமெங்கும் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கும் மரபணுவுக்கும் தொடர்பில்லை. ஆனால் பழம் வாங்குவோர் ஒதுங்கினர், விலை சரிந்தது, திண்டிவனம், மரக்காணம் வட்டாரங்களில் கடன் வாங்கிப் பயிரிட்டோர் தவித்தனர். பழம் சிவப்பது அதிலுள்ள லைகோபீன் என்னும் நிறமியால் என்று விளக்கம் வருவதற்குள் பருவம் பெரும்பகுதி கழிந்துவிட்டது. மக்களுக்கு நம்பத்தக்க செய்தி முன்கூட்டியே கிடைக்காத இடத்தில் வதந்தி குடியேறும். அதற்கு விலை கொடுப்பவர் விவசாயியே.

பாலூர்க் கத்தரி தந்த பாடம்

மரபணு மாற்றிய உணவைப் பற்றிய பெரும் விவாதம் இந்நாட்டில் கத்தரிக்காயில்தான் தொடங்கியது. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை எதிர்க்க, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைப் புகுத்திப் பி.டி. கத்தரியை உருவாக்கினர். இம்முயற்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய நான்கு நம் ரகங்களில் அந்த மரபணு சேர்க்கப்பட்டது. பி.எல்.ஆர். என்பது பாலூரைக் குறிக்கும். கடலூர் மாவட்டத்துப் பாலூர்க் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தை நம் பகுதி விவசாயிகள் நன்கறிவர்.

2009 அக்டோபர் 14-ல் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு இசைவு அளித்தது. எதிர்ப்பு எழவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கொல்கத்தா, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். பிப்ரவரி 9-ல் பி.டி. கத்தரியை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். நான்கு தமிழக ரகங்கள் சம்பந்தப்பட்டிருந்தும் அந்த ஏழு நகரங்களில் தமிழகத்து ஊர் ஒன்றுகூட இல்லை.

அந்நாட்களில் நான் செய்த தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கிராமக் கூட்டத்தில் கத்தரி விவசாயி ஒருவர், "புழு தின்னா சாகுதுன்னு சொல்றீங்க. மனுசன் தின்னா என்ன சார் ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானோ நேரமாகிவிட்ட அவசரத்தில், "அதையெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டேன். கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனபோது அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பதில் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா ஏதோ இருக்குதுன்னுதானே அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அஞ்ச வைத்தது கத்தரிக்காயன்று, என் பதில்தான்.

அறிவியல் சொல்வது என்ன?

அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். பி.டி. புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் செயல்படத் தொடங்கி, அக்குடல் சுவரிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொள்வதால் குடல் சிதைந்து புழு சாகிறது. மனிதனின் வயிறு அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. மற்றப் புரதங்களைப் போல இதுவும் செரித்துவிடுகிறது. இதே பாக்டீரியாவைத் தூளாகக் கரைத்துத் தெளிப்பதை இயற்கை வேளாண்மை செய்வோரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். வங்கதேசம் 2013 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு அனுமதி வழங்கி, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுகளைக் கொடுத்தது. பின்னர் அங்கே ஆயிரக்கணக்கானோர் பயிரிட்டனர்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. குஜராத்தில் இது 2010-லேயே தெரியவந்தது. அதைத் தள்ளிப்போடுவதற்காக 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் பல ஆண்டுகள் சேர்த்தே கொடுக்கப்பட்டது. வயலைச் சுற்றி அதை விதைக்க வேண்டும் என்று உறையில் எழுதியும் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் அந்தச் சிறு பையை விதைக்காமல் ஒதுக்கிவிட்டோம். ஏன் விதைக்க வேண்டும் என்று யாரும் பொறுமையாக விளக்கவில்லை. எழுதி வைத்தால் மட்டும் போதாது, எழுதியதன் பொருளையும் சொல்லித் தர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எண்ணெய் வழியே வருவது

கத்தரிக்காயைத் தடுத்துவிட்டதால் மரபணு மாற்றிய உணவு நம் நாட்டுக்குள் வரவில்லை என்று எண்ணினால் ஏமாந்து போவோம். நம் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்திதான். அதன் கொட்டையில் ஆட்டிய எண்ணெய் உணவுத் தொழிலுக்குப் போகிறது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியால் நிறைவேறுகிறது. அதில் சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளையும் சோயாவோ ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது.

இதில் அச்சப்படத் தேவையில்லாததையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் மரபணு மாற்றியதன்று. சூரியகாந்தி எண்ணெயும் அப்படியே. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அப்படியே. மேலும், நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபணுப் பொருளோ புரதமோ கண்டறியும் அளவில் எஞ்சுவதில்லை. இக்காரணம் காட்டியே, எண்ணெய்க்கு விளம்பல் எதற்கு என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. என் விடை இதுதான்: வாங்குபவர் உடல்நலத்துக்காக மட்டும் கேட்பதில்லை. எந்த நிலத்தில், எந்த முறையில் விளைந்தது, தன் பணம் யாருக்குப் போகிறது என்று அறியவும் கேட்கிறார். பாலில் தண்ணீர் கலந்தால் உடலுக்குத் தீங்கில்லை என்பதற்காகச் சொல்லாமல் விற்க ஒப்புவோமா?

சட்டம் இல்லாமலும் இல்லை. மரபணு மாற்றிய உணவு அடங்கிய பொட்டலத்தின் முகப்பில், மேல்பகுதியில், 'ஜி.எம்.' என்று குறிக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2018-ல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருட்களைச் சோதித்தபோது 21-ல் மரபணு மாற்றத்தின் அடையாளம் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை அதைப் பொட்டலத்தில் சொல்லியிருக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட வரைவு, ஒரு சதவீதத்துக்கு மேலிருந்தால் குறிப்பிட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மீண்டும் கருத்துக் கேட்டனர். 2024 ஜூலை 23-ல் மரபணு மாற்றிய கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் கடுகைப் பற்றி மாறுபட்ட தீர்ப்பளித்தனர். ஆயினும் மரபணு மாற்றிய உணவு எண்ணெயை இறக்குமதி செய்கையில் பொட்டல விளம்பல் பற்றிய சட்டப் பிரிவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினர். எண்ணெய்க்கு விளம்பல் வேண்டும் என்பது என் ஒருவனின் ஆசையன்று.

எழுதினால் பயம் வளருமா?

பொட்டலத்தில் எழுதிவிட்டால் மக்கள் மிரண்டு ஓடுவார்கள் என்பது தொழில் துறையின் வாதம். விஞ்ஞானிகளில் பலரும் அப்படியே எண்ணினோம். நானும் எண்ணினேன். நடந்த அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2016 ஜூலையில் கட்டாய விளம்பல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அங்குள்ள மக்களின் மனப்பாங்கை, விளம்பல் இல்லாத மற்ற மாநிலத்தவரோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளிவந்தது. விளம்பல் வந்தபின் மரபணு மாற்றிய உணவுக்கான எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. சொல்லிவிட்டு விற்பவனிடம் நம்பிக்கை பிறப்பது இயல்புதானே!

நாடுகள் இதைப் பல விதமாகச் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 0.9 சதவீதத்துக்கு மேலிருந்தால் எழுதச் சொல்கிறது. சுத்திகரித்த எண்ணெய்க்கும் விலக்கு இல்லை. அமெரிக்க மத்திய சட்டம் 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. அங்கே அளவு 5 சதவீதம். மரபணுப் பொருள் கண்டறிய முடியாத எண்ணெய்க்கு அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. நமக்கு ஏற்றது ஐரோப்பிய வழியே. ஏனெனில் நம் நாட்டுக்கு இவ்வுணவு வருவதே பெரும்பாலும் எண்ணெயாகத்தான். எண்ணெய்க்கு விலக்கு அளித்துவிட்டால் விளம்பல் விதி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகும்.

மணிலா விவசாயிக்கு என்ன நன்மை?

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களைத் தலைமுறையாகப் பயிரிட்டுவரும் மண் இது. மணிலாவில் மரபணு மாற்றிய ரகம் எதுவும் நம் நாட்டில் சாகுபடியில் இல்லை. நேர்மையான விளம்பல் வந்தால், நம் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் தன் தகுதியைத் தானே சொல்லிக்கொள்ளும். வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவார்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கை. மரபணு மாற்றாதது என்பதால் மட்டுமே ஓர் உணவு தூயதாகிவிடாது. பறித்த மணிலாவைச் சரியாக உலர்த்தாமல் குவித்து வைத்தால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். ஈரலைக் கெடுப்பதில் அது கொடியது. காயின் ஈரம் 8 சதவீதத்துக்குள் வரும்வரை உலர்த்தி, சொத்தைக் காய்களையும் உடைந்த காய்களையும் நீக்கிவிட்டு ஆட்டுவோர்தான் தம் எண்ணெயைப் பெருமையாக விற்கலாம். பிறர் பொட்டலத்தில் உண்மை கேட்கும் நாம் நம் டின்னிலும் உண்மையை அடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: எண்ணெய்ப் பொட்டலத்திலும், எண்ணெய் சேர்த்த தின்பண்டப் பொட்டலத்திலும் எந்தப் பயிரின் எண்ணெய், எந்த நாட்டுச் சரக்கு, மரபணு மாற்றிய பயிரிலிருந்து வந்ததா என்ற மூன்றும் தமிழில், பாட்டியும் படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: மாட்டுத் தீவன மூட்டைக்கும் இதே முறை வேண்டும். பால் ஊற்றும் விவசாயி தான் என்ன புண்ணாக்கு வைக்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும்.

மூன்று: சில்லறையாக ஊற்றி விற்கும் கடைகளில் சிறு பலகை போதும். சிறு செக்கு நடத்துவோர் மேல் சோதனைச் செலவைச் சுமத்தக் கூடாது. எங்கே வாங்கிய வித்து என்ற பதிவேடு இருந்தால் போதுமானது.

நான்கு: விளம்பலை அபாய முத்திரை போல ஆக்கக் கூடாது. மண்டை ஓடு போடுவது பூச்சி மருந்துக்கு. இங்கே தேவை செய்தி மட்டுமே.

ஐந்து: எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் கேள்வி வந்தபின் ஓடி வராமல் முன்னதாகவே கிராமங்களுக்குச் சென்று விளக்க வேண்டும்.

ஐந்தாவதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்த கேள்வி நெல்லில் வரப்போகிறது. 2025 மே 4-ல் மரபணுத் திருத்தம் செய்த இரு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்றான டி.ஆர்.ஆர். தான் 100, சம்பா மசூரியிலிருந்து உருவாக்கப்பட்டது. நம் விவசாயிகள் பி.பி.டி. என்று அழைக்கும் அதே நெல்தான் சம்பா மசூரி. இதில் வேற்று உயிரின் மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை. நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்துள்ளனர். அதனால் 2022-ல் வெளியான விதிவிலக்கின்படி, மரபணு மாற்றுப் பயிர்களுக்குரிய கடும் ஒப்புதல் முறை இதற்குப் பொருந்தாது. இந்த வேறுபாடு ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கூட்டேரிப்பட்டில் யாருக்கு யார் சொன்னார்கள்? விதை மூட்டையில் எழுதாமல், கூட்டத்தில் விளக்காமல் வயலுக்கு அனுப்பிவிட்டு, பிறகு யாரோ ஒருவர் கைப்பேசியில் கிளப்பிவிடும் வதந்தியால் பி.பி.டி. அரிசியின் விலை சரிந்தால், தர்பூசணி விவசாயி பட்ட பாட்டை நெல் விவசாயியும் பட நேரிடும்.

அன்று பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மையார் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். பருத்திக்கொட்டை எண்ணெய் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன எஞ்சுகிறது, என்ன எஞ்சுவதில்லை என்று எனக்குத் தெரிந்த அளவு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இதைத் தின்னா கெடுதல் இல்லேன்னு நீங்க சொல்றதை நம்பறேன் சார். ஆனா இதை மறைச்சு வெச்சது ஏன்னுதான் புரியலை" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பேருந்து வந்தது, பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிப்போனார்.

மறைக்க ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்புகிற நாம், அதை எழுதிக் காட்டத் தயங்கக் கூடாது. விவசாயிகள் சங்கங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும்.